விமானப் பயணத்தில் பெட்டிக் கட்டணம் – ஒரு வியாபாரியின் அடக்க விலைக் கணக்கு



நம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரத்தில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இல்லாத வியாபாரக் குடும்பம் இன்று அபூர்வம். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எல்லாம் நமக்கு அடுத்த தெரு போல ஆகிவிட்டன. தஞ்சாவூரில் காரில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து நாலு மணி நேரத்துக்குள் கோலாலம்பூர். பயணம் இவ்வளவு எளிதாகிவிட்டது; ஆனால் பெட்டிக்குக் கட்டும் பணம் மட்டும் பலருக்கும் இன்னும் பிடிபடாத கணக்காகவே இருக்கிறது. லாரி வாடகையில் டன்னுக்கு ஐம்பது ரூபாய் கூடினால் அரை நாள் வாதாடுகிற நாம், விமான நிலையக் கவுண்டரில் கிலோவுக்கு ஐந்நூறு அறுநூறு என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

என் அனுபவம்

2019-ஆம் ஆண்டு. கோலாலம்பூரில் இருக்கும் என் மகளுக்கு இரண்டாவது பிரசவம். நானும் என் மனைவியும் புறப்பட்டோம். டிக்கெட்டை மருமகன் அங்கிருந்தே எடுத்து அனுப்பிவிட்டார். “மாமா, இருபது கிலோ போட்டிருக்கேன்” என்று போனில் சொன்னார். ஆளுக்கு இருபது கிலோ என்று நான் புரிந்துகொண்டேன். அவர் சொன்னது இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது கிலோ. குறைந்த கட்டண விமானத்தில் பெட்டிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதும், அவர் ஒருவர் பேரில் மட்டும் கட்டியிருந்தார் என்பதும் கவுண்டரில் நின்ற பிறகுதான் தெரிந்தது.

எங்கள் இரண்டு பெட்டியும் சேர்ந்து 31 கிலோ. பதினொரு கிலோ அதிகம். “சார், ஆறாயிரத்து அறுநூறு ரூபாய் வருது” என்றது அந்தப் பெண். பின்னால் நீண்ட வரிசை. எனக்கு வேர்த்துவிட்டது. பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். அரிசி, அரிசி மாவு, முறுக்கு, நெய், வடகம் என்று எல்லாவற்றையும் ஊர் பார்க்க வெளியே எடுத்தோம். “ஏங்க, அவசரப்படாதீங்க, நான் பாத்து எடுக்கிறேன்” என்று என் மனைவி சொல்லச் சொல்ல, நானே ஏழு கிலோவை எடுத்து, வெளியே காத்திருந்த டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். மீதி நாலு கிலோவுக்கு 2,400 ரூபாய் கட்டினேன்.

மகள் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால், அரிசி வந்திருக்கிறது. பிரசவ லேகியமும் சுக்கு, திப்பிலி, ஓமமும் வைத்திருந்த மஞ்சள் பையைக் காணோம்! அரிசி மாவுப் பை என்று நினைத்து அதைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்காகத்தான் என் மனைவி ஒரு வாரம் அடுப்படியில் நின்று கிண்டியிருந்தாள். பிறகு தம்பி மூலம் கூரியரில் அனுப்பச் சொன்னேன். அதற்கு 2,900 ரூபாய். குழந்தை பிறந்து பதினெட்டாம் நாள் அது வந்து சேர்ந்தது. பணம் போனது ஒரு பக்கம். “நாப்பது வருஷமா மூட்டை நிறுத்து வியாபாரம் பண்றவர், பொண்ணுக்குக் கொண்டுபோற பெட்டிய நிறுத்துப் பாக்கலியே” என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை.

இந்தக் கட்டணம் எப்படி வந்தது?

நம் பெரியவர்கள் காலத்தில் மலாயா போவதென்றால் கப்பல்தான். 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. டிரங்குப் பெட்டி, பாய் மூட்டை, பாத்திர மூட்டை என்று குடும்பமே சாமானோடு ஏறும். பிறகு ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985-ல் தீப்பிடித்த பின் அந்தப் பயணிகள் போக்குவரத்தும் நின்றது. அதன் பின் எல்லோரும் விமானத்துக்கு வந்தோம். ஆனால் கப்பல் காலத்து மூட்டைப் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

விமானத்திலும் ஒரு காலத்தில் பெட்டிக்கான செலவு டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஐரோப்பாவின் ரயன்ஏர் 2006-ல் அதைப் பிரித்து வாங்கத் தொடங்கியது. 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை ஏறியபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று அறிவித்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எண்ணெய் விலை இறங்கியது; பெட்டிக் கட்டணம் இறங்கவில்லை.

நம் நாட்டில் உள்நாட்டு விமானங்களில் 20 கிலோ இலவசம் என்று இருந்ததைத் தனியார் கம்பெனிகள் 2013-ல் 15 கிலோவாகக் குறைத்தன. 15 முதல் 20 கிலோ வரை உள்ள கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2016-ல் உத்தரவு போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. 2021 பிப்ரவரியில், பெட்டி இல்லாமல் கைப்பை மட்டும் கொண்டு வருகிறவர்களுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் விற்கலாம் என்று அனுமதி வந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2024 பிப்ரவரியில் ‘எக்ஸ்பிரஸ் லைட்’ என்ற பெயரில் அப்படி ஒரு டிக்கெட்டைக் கொண்டுவந்தது. ஆக, பெட்டி என்பது இன்று தனிச் சரக்கு. அதற்குத் தனி விலை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எடைக்கு ஏன் இவ்வளவு விலை?

பாரம் கூடினால் எரிபொருள் கூடும் என்பது உண்மைதான். விமானத்தில் கூடுதலாக ஏற்றும் எடைக்கு மணிக்கு மூன்று நான்கு சதவீதம் அளவுக்கு எரிபொருள் அதிகம் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் பத்து கிலோவை நாலு மணி நேரம் தூக்கிச் செல்ல ஒன்றரை கிலோ எரிபொருள் ஆகலாம். அதன் விலை எவ்வளவு என்று நமக்குத் தெரியும். பத்து கிலோவுக்கு ஆறாயிரம் வாங்குவதற்கு அது மட்டும் காரணம் இல்லை.

உண்மையான காரணம் நம் தொழிலிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் மாலையில் கரும்பு வாங்க வருகிறவனிடம் என்ன விலை சொல்கிறோம்? அவனுக்கு வேறு வழியில்லை என்று நமக்குத் தெரியும். கவுண்டரில் நிற்கும் பயணியும் அப்படித்தான். விமானம் ஒரு மணி நேரத்தில் புறப்படும். பெட்டியை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. அதனால் அந்த இடத்தில் விலை உச்சத்தில் இருக்கிறது. அதே எடையை நாலு நாள் முன்னதாக வாங்கினால் விலை குறைவு. முன்கூட்டிக் கொள்முதல் செய்கிறவனுக்கும் கடைசி நேரத்தில் சில்லறை வாங்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மொத்த வியாபாரிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிக்கெட் எடுக்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, டிக்கெட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக எத்தனை கிலோ என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்டோ மருமகனோ வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். ஏர் ஏசியா, ஸ்கூட் போன்ற குறைந்த கட்டணக் கம்பெனிகளின் அடிப்படை டிக்கெட்டில் கைப்பை மட்டும்தான் சேர்த்தி. பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இன்னொரு கம்பெனியில் பெட்டியும் சேர்த்து விலை சொல்லியிருப்பார்கள். இரண்டையும் ஒப்பிடும்போது டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டிக்கெட், போகும்போது பெட்டி, வரும்போது பெட்டி மூன்றையும் கூட்டி அடக்க விலை போட்டுப் பாருங்கள். ‘மலிவு’ என்று நினைத்தது சில நேரம் அதிகமாக நிற்கும்.

இரண்டாவது, கூடுதல் எடை தேவை என்று தெரிந்தால் டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடுங்கள். விட்டுப்போனால், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு வரையிலும் கம்பெனியின் செயலியிலேயே வாங்க இடம் உண்டு. 3, 5, 10, 15 கிலோ என்று சிப்பம் சிப்பமாக விற்பார்கள். கவுண்டர் விலையைவிட அது குறைவாக இருக்கும். போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊரிலிருந்து பலகாரத்தோடு போகிறவர்கள், சிங்கப்பூர் முஸ்தபா கடையில் சாமான் வாங்கித் திரும்பும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, குடும்பமாகவோ சங்கத்தின் சார்பில் குழுவாகவோ போனால் எல்லோருக்கும் ஒரே பதிவு எண்ணில் டிக்கெட் எடுங்கள். எடைக் கணக்கில் பெட்டி ஏற்கும் கம்பெனிகளில் பெரும்பாலும் ஒரே பதிவில் உள்ளவர்களின் எடையைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒருவர் பெட்டி 23 கிலோ, இன்னொருவர் பெட்டி 16 கிலோ என்றாலும் இருவருக்கும் சேர்த்து 40-க்குள் அடங்கினால் தொல்லை இல்லை. தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அதைத் தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்திருக்கும் வரம்பு அது. கூலிக்காரர் முதுகில் நூறு கிலோ மூட்டை ஏற்றிய ஊர் நம்முடையது. இப்போது நாமே 25 கிலோ சிப்பத்துக்கு மாறிவிடவில்லையா, அதுபோலத்தான்.

நான்காவது, எடைக் கணக்கு வேறு, பெட்டிக் கணக்கு வேறு. அமெரிக்கா, கனடா போகும் விமானங்களில் ‘ஒரு பெட்டி 23 கிலோ வரை’ என்று எண்ணிக்கைக் கணக்கு. அங்கே ஒரு பெட்டியில் 27, இன்னொன்றில் 19 என்று வைத்துவிட்டு “மொத்தம் 46-தானே?” என்று கேட்டால் நடக்காது. 27 கிலோ பெட்டிக்கு அபராதம் போல ஒரு தொகை வாங்குவார்கள். உள்நாட்டிலும் இண்டிகோ போன்ற கம்பெனிகள் 15 கிலோவை ஒரே பெட்டியாகக் கொண்டுவரச் சொல்கின்றன. எட்டும் ஏழுமாக இரண்டு பையாகக் கொண்டுபோனால், எடை சரியாக இருந்தாலும் இரண்டாவது பைக்குத் தனிப் பணம் கேட்கலாம்.

ஐந்தாவது, திருச்சியிலிருந்து நேராகப் போகாமல் சென்னை வழியாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் வெளிநாட்டுப் பயணத்துக்கான எடையே பொதுவாகச் சென்னை வரைக்கும் செல்லும். தனித்தனி டிக்கெட் என்றால் சென்னை வரை உள்நாட்டு விதி, 15 கிலோதான். சிங்கப்பூருக்கு 30 கிலோ வாங்கி வைத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து சென்னைக்கு மீதி 15 கிலோவுக்குப் பணம் கட்டினவர்கள் உண்டு.

ஆறாவது, படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவை மாணவர் டிக்கெட்டில் 10 கிலோ கூடுதலாகத் தருகின்றன. கல்லூரி அடையாள அட்டை வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், டிக்கெட் எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வீட்டில் பெட்டி கட்டும்போது

பெட்டி கட்டும் முன் காலிப் பெட்டியை நிறுத்துப் பாருங்கள். நெல் கொள்முதலில் சாக்கு எடை கழிக்கிற நாம் பெட்டி எடையைக் கழிப்பதில்லை. கெட்டியான பெரிய பெட்டி காலியாகவே நாலு, ஐந்து கிலோ இருக்கும். மெல்லிய துணிப் பெட்டி இரண்டரை கிலோ. இரண்டு பேருக்கு நாலைந்து கிலோ இதிலேயே மிச்சம். பலகாரம் மட்டும் என்றால் நல்ல அட்டைப் பெட்டி போதும். அரை கிலோ, முக்கால் கிலோவுக்குள் முடியும். வளைகுடா போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துபாய் விமான நிலையத்தில் தட்டையான பக்கம் இல்லாத உருண்டை மூட்டைகளை ஏற்பதில்லை என்று 2017 மார்ச்சில் விதி கொண்டுவந்தார்கள். போர்வையில் கட்டிய மூட்டை, கயிறு சுற்றிய உருண்டைப் பை எல்லாம் அங்கிருந்து திரும்பும்போது தகராறாகும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் அன்பர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

கட்டி முடித்த பெட்டியை நம் கடைத் தராசிலேயே வையுங்கள். முத்திரை போட்ட மின்னணுத் தராசு கையில் இருக்கும்போது வேறெதற்குப் பயப்பட வேண்டும்? வரும் வழிக்கு, கையில் தூக்கி நிறுத்தும் சின்னத் தராசு ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வரம்பு இருபது என்றால் பத்தொன்பதில் நிறுத்துங்கள். இரண்டு தராசும் ஒரே எடை சொல்லாது என்பது நமக்குத் தெரியாததா?

கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. ஒரு சில கம்பெனிகளில் 10 கிலோ வரை உண்டு. இண்டிகோவில் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டியில் மிஞ்சியதையெல்லாம் கைப்பைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். நெய், ஊறுகாய், எண்ணெய், மிளகாய்த் தூள், கத்தி, கத்தரிக்கோல் இவையெல்லாம் கைப்பையில் வந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு நேர்மாறாக, செல்போன் சார்ஜ் செய்யும் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போடக் கூடாது. கொப்பரைத் தேங்காயைப் பெட்டியிலும் ஏற்கமாட்டார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானப் போக்குவரத்து விதிகளில் அதற்குத் தனி எண்ணே இருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து அன்பர்கள் ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் கொப்பரை, விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

எதைக் கொண்டுபோவது, எதை விடுவது?

இதுதான் முக்கியமான இடம். ஒரு உதாரணம் பாருங்கள். கிலோ 70 ரூபாய் அரிசி ஐந்து கிலோ கொண்டுபோகிறோம். சரக்கு விலை 350. அது அதிக எடையாகி, கவுண்டரில் கிலோவுக்கு 600 என்று கட்டினால் 3,000. மொத்தம் 3,350. அந்த அரிசியின் அடக்கம் கிலோ 670 ரூபாய்! இந்த விலைக்கு நம்மிடம் யாராவது அரிசி விற்க வந்தால் கடை வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் பொன்னி அரிசி மூட்டை மூட்டையாக விற்கிறது. அவற்றில் நம் பக்கத்து அரிசியும் உண்டு. கப்பலில் கண்டெய்னரில் போன அரிசியோடு பெட்டியில் போகும் அரிசி விலையில் போட்டி போட முடியுமா?

2023 ஜூலையில் மத்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் அரிசிக்குக் கூட்டம் முண்டியடித்தது. “அப்பா, வரும்போது அரிசி கொண்டு வாங்க” என்று கேட்ட பிள்ளைகள் அப்போது பலர். 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. இப்போது அந்தக் கவலை இல்லை. அங்கே கிடைக்காத மாப்பிள்ளைச் சம்பாவோ கருப்புக் கவுனியோ இரண்டு கிலோ கொண்டுபோவது வேறு விஷயம்.

என் வழக்கம் இப்போது இதுதான். பெட்டி கட்டும் முன் ஒரு தாளில் பட்டியல் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை, இங்கே விலை, அங்கே கிடைக்குமா என்று மூன்று பத்தி. அங்கே கிடைக்காது, இது அவசியம் என்பவை முதலில் பெட்டிக்குள் போகும். அங்கே கிடைக்கும் என்பவை கடைசியில், இடமும் எடையும் இருந்தால் மட்டும். அதிகமானால் எதை எடுப்பது என்பதும் வீட்டிலேயே முடிவாகிவிடும். அதை மேலாக வைத்துவிடுவேன். கவுண்டரில் நின்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மஞ்சள் பைக் கதையே போதும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் உணவுப் பொருள் விதி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். விதை, செடி, பழம், இறைச்சி, பால் பொருள் இவற்றில் பல நாடுகள் கண்டிப்பு. ஆஸ்திரேலியாவில் கொண்டுவரும் உணவைச் சொல்லாமல் மறைத்தால் அபராதம். பணம் கட்டிக் கொண்டுபோய் அங்கே பறிகொடுப்பதைவிடப் போகாமல் இருப்பதே லாபம்.

பெட்டியா, பார்சலா?

இங்கே ஒரு வியாபார நுட்பம் இருக்கிறது. விமானப் பெட்டிக்கு, மூன்று அளவையும் கூட்டி 158 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பொதுவாக உண்மையான எடை மட்டும்தான் கணக்கு. கூரியருக்கும் விமானச் சரக்குக்கும் அப்படியல்ல. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, கூரியரில் 5,000-ஆல் வகுப்பார்கள். விமானச் சரக்கில் 6,000-ஆல். அதில் வரும் கிலோவும் உண்மையான எடையும் எது அதிகமோ அதற்குப் பணம்.

தலையாட்டி பொம்மை அடுக்கிய 60-க்கு 40-க்கு 40 அட்டைப் பெட்டி ஒன்று. எடை ஆறு கிலோ என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 96,000, 5,000-ஆல் வகுத்தால் 19.2 கிலோ. கூரியரில் ஆறு கிலோ சாமானுக்கு இருபது கிலோப் பணம் கட்ட வேண்டும். அதே பெட்டியின் மூன்று அளவையும் கூட்டினால் 140-தான். உங்கள் பயணப் பெட்டியாகக் கொண்டுபோனால் ஆறு கிலோவோடு முடிந்தது. ஆகவே பொம்மை, நெட்டி வேலை, அப்பளம், முறுக்கு போல இடம் அடைத்து எடை குறைந்தவற்றைக் கையோடு கொண்டுபோவது லாபம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, வெண்கலப் பானை போலச் சிறிய இடத்தில் பெரிய எடை உள்ளவற்றை அவசரமில்லையென்றால் கப்பல் சரக்கில் அனுப்புவது லாபம்.

மாதிரிச் சரக்கு இரண்டு கிலோவுக்குள் என்றால் தபால் துறையின் கண்காணிப்புப் பாக்கெட் சேவையை விசாரியுங்கள். சிறு ஏற்றுமதியாளர்களுக்காகத் தபால் துறை 2022 முதல் தபால் நிலைய ஏற்றுமதி மையங்களையும் திறந்திருக்கிறது. விற்பதற்கான சரக்கைப் பயணப் பெட்டியில் கொண்டுபோவது தவறு. பெட்டிச் சலுகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபாரச் சரக்கு ஏற்றுமதிப் பத்திரத்தோடு போக வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் பார்த்து, சுங்கத்தில் சரக்கையும் பெயரையும் இழக்க வேண்டாம்.

இன்னொன்று. வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாதவர் வந்து, “அண்ணே, உங்க பெட்டியில எடை மிச்சம் இருக்கே, இந்தப் பையைக் கொஞ்சம் சேத்துக்குங்க” என்பார். எவ்வளவு இரக்கம் வந்தாலும் மறுத்துவிடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு.

முடிவாக

2024 இறுதியில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மறுபடி கோலாலம்பூர் போனோம். திருச்சியில் அந்த ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம். டிக்கெட் எடுத்த அன்றே ஆளுக்கு 20 கிலோ வாங்கினோம். கடைத் தராசில் நிறுத்தோம். ஒரு பெட்டி 19.2, இன்னொன்று 18.6. கவுண்டரில் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என் மனைவி பட்டியலைத் தானே எழுதி, மருந்துப் பையைத் தன் கையாலேயே அடியில் வைத்திருந்தாள். நான் தொடவில்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பார்கள் நம் டெல்டாவில். பயணம் போகிறவன் கணக்குப் பார்த்தால் கட்டாயம் மிஞ்சும். நம் சங்க அலுவலகத்தில் கையில் தூக்கி நிறுத்தும் தராசு இரண்டு வாங்கி வைத்து, வெளிநாடு போகும் உறுப்பினர்களுக்கு இரவல் கொடுக்கலாம் என்பது என் யோசனை. ஆயிரம் ரூபாய்ச் செலவு. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டு, இக்கட்டுரையை முடிக்கிறேன்.